பத்துக்கு மேல் ஒன்று

அக்டோபர் மாதம் வந்தால் எங்கள் வீட்டில் கொண்டைக்கடலை ஒரே குண்டானில்தான் ஊறும். மாடியில் குடியிருக்கும் எனக்கு நவராத்திரிக் கொலு. கீழே வீட்டுக்காரர்களான ஹில்டாவுக்கும் பிரகாசத்துக்கும் ஜெபமாலை மாதம். இரண்டு பேருக்கும் சுண்டல் வேண்டும், எதற்கு இரண்டு பாத்திரம் என்று பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஹில்டா ஆரம்பித்துவைத்த வழக்கம். காலையில் பாதியை வடித்து நான் மேலே எடுத்துப்போவேன். என் பாதியில் வெங்காயம் கிடையாது, அவள் பாதியில் உண்டு. மதவேற்றுமை என்றால் எங்கள் வீட்டில் அவ்வளவுதான்.

நான் லலிதாம்பாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபத்தெட்டு வருடமாக முத்திரை குத்துகிறவள். அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தார், நான் இங்கேயே பிறந்து இங்கேயே ஒண்டிக்கட்டையாக நின்றுவிட்டேன். மண்டி மொஹல்லாவில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்வாங்கியே தீரவேண்டிய சந்தில் எங்கள் வீடு. சுற்றுப்பட்ட சந்துகளில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் முப்பது இருக்கும். அக்டோபர் முழுக்க மாதா சிலை, அவர்கள் பேச்சில் சுரூபம், ஒரு நாளைக்கு ஒரு வீடாகப் போகும். சாயங்காலம் ஆறரைக்கு எல்லாரும் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். முடிந்ததும் சுண்டல். நான் போவது சுண்டலுக்கு. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஜெபமாலையை நடத்துவது ஹில்டாதான். அருள் நிறைந்த மரியே என்று அவள் பாதி சொல்வாள், மற்றவர்கள் மீதிப் பாதி சொல்வார்கள். பத்து முறை சொன்னதும் நிறுத்தி, வேறொரு ஜெபம் சொல்லி, அடுத்த பத்துக்குப் போவாள். மொத்தம் ஐந்து பத்து. மணி உருட்டி எண்ணுவது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் கையிலும் ஜெபமாலை இருக்கும், ஆனால் யாரும் எண்ணமாட்டார்கள். ஹில்டா இருக்கிறாளே என்று பஸ்ஸில் ஏறித் தூங்குகிறவர்கள் மாதிரி நிம்மதியாக வாயசைப்பார்கள். இருபது வருடமாக அவள் ஒரு மணிகூடத் தவறியதில்லை.

அவள் புருஷன் பிரகாசம் உள்ளே வரமாட்டார். ரயில்வே பட்டறையில் இன்ஸ்பெக்டர். பெட்டிக்கு அடியில் குனிந்து போல்ட்டு போல்ட்டாக எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. ஹில்டாவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலிலேயே ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஹில்டாவின் தம்பி மேக்ஸ்வெல் மூளையில் கட்டி வந்து செத்துப்போனான். அத்தனை பேர் முட்டிபோட்டு வேண்டியும் போய்விட்டான். அன்றிலிருந்து இவர் வாசலோடு சரி.

இந்த வருடம் நவராத்திரி இரண்டாம் நாள், ஹில்டாவும் நானும் பூ வாங்க தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனோம். ராத்திரியெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. தரையெல்லாம் சொதசொதவென்று தண்டும் இலையும். செவ்வந்தி மலைமலையாய்க் குவிந்து கிடந்தது. நாங்கள் வழக்கமாக வாங்குவது பசம்மாவிடம். மாதேஸ்வரன் மலைப் பக்கத்து அனூர்க்காரி. அவள் தமிழில் கொங்கு வாசனை அடிக்கும். கட்டின சரத்தை மாரு கணக்கில் தருவாள், அதாவது இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. பசம்மாவுக்குக் கை குட்டை. என் கையால்தான் அளக்கவேண்டும் என்று நான் வருடாவருடம் சண்டை போடுவேன்.

"ஏனுங் அம்மிணி, உங்க கை நீளம்னா அது எங்க தப்புங்களா?" என்றாள் பசம்மா.

"குட்டைக்கை வச்சிண்டு பூ வியாபாரத்துக்கு வந்தது உன் தப்புதான்" என்றேன்.

ஹில்டா சிரிப்பாள் என்று திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. மணிக்கட்டு வரை ஒரு கை செவ்வந்திக் குவியலுக்குள் இருந்தது. இன்னொரு கையிலிருந்த பை கீழே விழுந்து தக்காளி நாலாபக்கமும் உருண்டது. பின்னால் மூட்டை தூக்கி வந்தவன் "தாரி பிடி, தாரி பிடி" என்று கன்னடத்தில் வழி கேட்டுக் கத்திக்கொண்டே வந்தான். அவள் வழிவிடவில்லை. அவன் திட்ட வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான்.

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல? கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாக வழிந்தது, ஆனால் அழுகை இல்லை. சந்தோஷம் என்றால் குறைச்சல். பெற்ற தாயைத் திருவிழாவில் தொலைத்த குழந்தை, திரும்பிப் பார்த்தால் தான் அவள் இடுப்பிலேயே இருப்பதைக் கண்டுகொண்டால் எப்படி இருக்கும், அப்படி. நான் நாலு தரம் கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். கால் மணி நேரம் அவள் அங்கே நின்றாள், அவள் என்று ஒருத்தி அங்கே இருந்தாளா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

பசம்மா பதறவே இல்லை. பூக்கூடையை நகர்த்திவிட்டு, ஹில்டாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "உலுக்காதீங்க. மாதப்பன் வந்திருக்காரு."

"மாதேஸ்வரனா? அவ கிறிஸ்டியன்டீ!"

"இருக்கட்டுமுங்க. வர்றவரு ஜாதி சர்டிபிகேட்டுக் கேட்டுட்டா வர்றாரு? எங்க மாமியாளுக்கு மாதேஸ்வரன் மலைப் படியில இப்படித்தான் ஆச்சு. ஒரு சாமம் அப்படியே நின்னா. அப்புறம் எறங்கி வந்து தொண்ணூறு வயசு வரைக்கும் களி கிண்டுனா."

ஹில்டா ஒரு பெருமூச்சு விட்டாள். பசம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சேற்றில் கிடந்த தக்காளியைப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்த்தாள். "அக்கா, வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

ஆட்டோவில் கேட்டேன். "ஹில்டா, என்ன ஆச்சுன்னு சொல்லித்தான் ஆகணும்."

"சொல்ல வரல்லக்கா. பூவைப் பாத்துட்டிருந்தேன். அப்புறம் பாக்கறதுக்கு ஹில்டான்னு யாரும் இல்ல. அவர்தான் இருந்தாரு. பூவும் அவர்தான், பசம்மாவும் அவர்தான், பூமேல ஒரு ஈ உக்காந்திருந்துச்சே, அதுவும். நானும் அதுக்குள்ள. நடுவுல கோடே இல்லக்கா. இத்தனை வருஷம் கோவில்ல போய்த் தேடினது, எனக்கும் என் மூச்சுக்கும் நடுவுல இருந்திருக்கு."

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒளிப்பானேன்? நாற்பது வருடமாகப் படி கட்டிப் பொம்மை வைக்கிறேன். எனக்குச் சாமி என்றால் செய்து முடிக்கவேண்டிய வேலை. பூ வாங்கப் போன இடத்தில் இவளுக்கு மட்டும் இப்படி ஒன்று வாய்க்குமா?

மறுநாள் சாயங்காலம் சில்வியா வீட்டில் மாதா. சில்வியாதான் அந்த ஜெபக் கூட்டத்துக்குத் தலைவி. பள்ளிக்கூட டீச்சர், எதிலும் நேரம் காலம் பார்ப்பவள். ஹில்டா ஜெபமாலையை எடுத்தாள். முதல் பத்து, இரண்டாம் பத்து சரியாகப் போயிற்று. மூன்றாவதில் அவள் நிறுத்தவில்லை. சொல்லிக்கொண்டே போனாள், குரல் மெதுவாகி, இனிப்பாகி, தாலாட்டு மாதிரி. மற்றவர்களும் தங்கள் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யார் எண்ணினார்கள், நிறுத்த? எனக்கே கண் செருகியது. அடுப்படியில் குக்கர் ஆறிப்போனது.

வாசலில் செருப்புச் சத்தம். பிரகாசம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கால் உள்ளே.

"ஹில்டா" என்றார். "மூணாவது பத்துல இருபத்தேழு ஆச்சு."

எல்லாரும் திடுக்கிட்டு முழித்தார்கள். எனக்கு வேறொன்று உறைத்தது. இந்த மனுஷன் பேப்பர் படிக்கவே இல்லை. இத்தனை வருடமும் வெளியே உட்கார்ந்து இவள் சொல்லும் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

ஹில்டா மணியைப் பார்த்து வெள்ளந்தியாகச் சிரித்தாள். "பத்துல நிறுத்தணும்னு தோணவே இல்லங்க."

அவ்வளவுதான், பிரகாசத்தின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது.

சில்வியா சும்மா இருப்பாளா? "மார்க்கெட்ல அந்தப் பூக்காரி ஏதோ சொல்லிக் கும்பிட்டாளாமே? என்னமோ பட்டிருக்கு. கொஞ்ச நாள் வேற யாராவது நடத்தட்டும் ஹில்டா. நீ ரெஸ்ட் எடு" என்றாள். இருபது வருட வேலை அரை நிமிஷத்தில் பறிபோனது. ஹில்டா அதற்கும் தலையாட்டினாள். என்னால்தான் பொறுக்க முடியவில்லை, அன்றைக்குச் சுண்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சில்வியாவுக்கு அது புரிந்திருக்கும்.

பிரகாசம் அன்று என் வீட்டுப் படியேறி வந்தார். கொலுவுக்கு முன்னால் நின்றுகொண்டு, பொம்மைகளைப் பார்க்காமல் பேசினார்.

"மேடம், மார்க்கெட்ல நடந்தத நீங்க நேர்ல பாத்தீங்க. கையி இழுத்துச்சா? வாயி கோணுச்சா?"

"ஒண்ணும் இல்ல பிரகாசம். நின்னா, அவ்வளவுதான். அழகா இருந்தா."

"மேக்ஸ்வெல்லும் அழகாத்தான் இருந்தான்." என்றார். "மொட்டை மாடில நின்னுட்டு, மாமா, எல்லாமே வெளிச்சமா இருக்கு மாமான்னு சிரிச்சான். நாங்க எல்லாம் என்னமோ அருள்னு நெனச்சு சந்தோஷப்பட்டோம் மேடம். எட்டு மாசம். எட்டே மாசத்துல மண்ணு அள்ளிப் போட்டோம். அதே ரத்தம். இவளுக்கும் அப்படின்னா நான் என்ன பண்ணுவேன்?"

நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

பெங்களூரிலிருந்து மகள் நிம்மி ஓடிவந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிற பெண். வந்த சூட்டோடு ஸ்கேனுக்கு நாள் வாங்கிவிட்டாள். "அம்மா, சும்னே சிரிக்காதம்மா. பயமா இருக்கு. ஸ்கேன் மாடிட்டு வந்துடலாம், அப்புறம் நீ எவ்ளோ பேக்கோ அவ்ளோ சிரி" என்றாள். ஹில்டா மறுக்கவில்லை. அவளே குழந்தைகள் வார்டில் முப்பது வருடம் நர்ஸ். அந்த வாரம் முழுக்க டியூட்டிக்கும் போனாள், ஒரு ஊசி தப்பவில்லை, ஒரு மருந்து மாறவில்லை. வார்டில் அழுகிற குழந்தை இவள் தூக்கினால் உடனே அடங்குகிறது என்று மட்டும் அங்கே பேசிக்கொண்டார்களாம். ஜெபம்தான் வாயில் வரவில்லை. கேட்டால், "பக்கத்துலயே உக்காந்திருக்கறவருக்கு எதுக்குக்கா போன் போடணும்?" என்று சிரித்தாள்.

ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு நானும் போனேன். ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலம் நிம்மியின் போனுக்கு வரும் என்றார்கள். அந்த மறுநாள்தான் மாதா எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய நாள். ஏ.சி. குளிரில் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நிம்மி ஃபாரம் எழுதப் போயிருந்தாள்.

ஹில்டாதான் பேச்சை எடுத்தாள். "கட்டின்னு வந்தா வைத்தியம் பாத்துக்கறேங்க. ஆபரேஷன்னாலும் சரி. உங்களையும் நிம்மியையும் விட்டுட்டுப் போக எனக்கு ஒண்ணும் ஆசையில்ல. ஆனா ஒண்ணு. அன்னைக்கு வந்தது வெறும் கட்டிதான்னு மட்டும் நீங்க சொல்லிடக் கூடாது. யாரு வேணா சொல்லட்டும். நீங்க சொன்னா எனக்குத் தாங்காது."

பிரகாசம் கைவிரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் இருப்பதையும் மறந்து, ஒன்று கேட்டார்.

"அதுல நான் இருந்தனா?"

முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தின மனுஷன் கேட்கிற கேள்வியா அது! ஆனால் அவர் கேட்ட தினுசில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கட்டியைவிடப் பெரிய பயம் அதுதான் போலிருக்கிறது. எங்கேயோ ஒரு சந்தோஷத்துக்கு அவள் தனியாகப் போய்விட்டு வந்துவிட்டாள், தன்னை ஸ்கூட்டர்மேலேயே விட்டுவிட்டு.

ஹில்டா அவர் கையைப் பிடித்து விரல்களை அடக்கினாள். "உங்களத் தனியா பாக்கலங்க. எதையுமே தனியா பாக்கல. ஆனா வெளிய யாருமே இல்ல. நீங்ககூட வெளிய இல்ல."

உள்ளேயிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் தாலியையும் வளையலையும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் திரும்பி வரும்வரை அவர் அதை மூடின கைக்குள்ளேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலை கடலையை வடிக்கும்போது பாதியாக்க மனம் வரவில்லை. முழுவதையும் வெங்காயம் போட்டே தாளித்துக் கீழே வைத்தேன். என் கொலுவுக்குப் பச்சைப்பயறு போதும் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் ஒரு தூறல் போட்டு நின்றது. ஐந்து மணிக்கு வாசலில் பசம்மா நின்றாள், தலையில் கூடையோடு.

"அந்தம்மாவுக்கு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங். பூ நம்முளுது, காசு வேண்டாமுங். அளந்து பாக்காதீங்க அம்மிணி, உங்க கைக்கே நாலு மாரு இருக்கும்."

ஆறரைக்குக் கூடம் நிறைந்துவிட்டது. சுரூபத்தைச் சுற்றிப் பசம்மாவின் செவ்வந்தி. பசம்மா போகவில்லை. அடுப்படிக் கதவோரம் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிரகாசம் வழக்கம்போல வாசலில் ஸ்கூட்டர்மேல். நிம்மி போனை மடியில் வைத்துக்கொண்டு, ரிப்போர்ட் வந்ததா வந்ததா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில்வியாதான் ஜெபமாலையை நடத்தினாள். எண்ணிக்கை பிசகாமல், பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி, நாலு பத்தும் டாண் டாண் என்று முடிந்தன.

ஐந்தாவதில் சில்வியா நிறுத்தினாள். மாதா எந்த வீட்டில் இருக்கிறாளோ அந்த வீட்டு ஆள்தான் கடைசிப் பத்தைச் சொல்லவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதை யாராலும் மாற்ற முடியாது, சில்வியாவாலும்கூட.

ஹில்டா ஜெபமாலையைக் கையில் வாங்கினாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள். கண் மூடிக்கொண்டது. அதே முகம், செவ்வந்திக் குவியலுக்கு முன்னால் பார்த்த அதே முகம். கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். நிம்மி போனை விட்டுவிட்டு, "அம்மா ப்ளீஸ், சொல்லம்மா" என்று அழ ஆரம்பித்தாள். போச்சு, இனி ஊர்வாயை எந்த மூடி போட்டு மூடுவது?

பிரகாசம் உள்ளே வந்தார். செருப்பை விட்டுவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு, முட்டிபோட்டிருந்தவர்களுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு வந்தார். ஹில்டா பக்கத்தில் முட்டிபோட்டார். முட்டி சடசடவென்று சத்தம் போட்டது. அவள் கையிலிருந்த மாலையை அவர் பிடுங்கவில்லை. ஒரு முனை அவள் கையிலேயே இருக்க, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார்.

"அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தார். பன்னிரண்டு வருடம் பேசாத பேச்சு. குரல் கரகரத்தது. ஆனால் சொல் தப்பவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. பட்டறை மனுஷன், ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர். நானும் கூடவே விரல் மடக்கினேன். நாலு, ஐந்து.

ஏழாவதில் நிம்மியின் போன் ஒளிர்ந்தது. அவள் படித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் நிமிர்ந்து என்னைத் தேடிப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். இல்லை. ஒன்றும் இல்லை. கட்டி இல்லை. அழுகையும் சிரிப்புமாக அந்தப் பெண் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டது. நான் பசம்மாவின் குட்டைக்கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, தனக்கு முன்னமே தெரியும் என்பதுபோல என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

பிரகாசம் எதையும் பார்க்கவில்லை. எட்டு. ஒன்பது. பத்து.

பத்தாவதுக்கு எல்லாரும் பதில் சொல்லி முடித்தார்கள். சில்வியா நிறுத்தற்குறி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிரகாசத்துக்குத் தெரியும், அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அவர் ஹில்டாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் கண் திறக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் அங்கேயேதான் இருந்தாள், வெளியே யாருமே இல்லாத அந்த இடத்தில்.

வாழ்நாளில் ஒரு போல்ட்டுகூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனுஷன், மாலையை ஒரு மணி நகர்த்தினார்.

"அருள் நிறைந்த மரியே" என்றார், பதினோராவது முறையாக.

கூடம் ஒரு நொடி விழித்தது. முதலில் பதில் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? சில்வியாதான். அவளுக்குப் பின்னால் எல்லாரும். அடுப்படி ஓரத்திலிருந்து, வார்த்தை அரைகுறையாகத் தெரிந்த நானும்.